ஒரு டிஸ்க்கு போச்சு, இப்ப எதை உருவுறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சர்வர்ல ரெண்டு டிஸ்க்கை மிரர் பண்றது. அதனால மத்ததையெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன். கமாண்டுகளை உச்சரிக்கிற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது அததுக்குரிய ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கங்க. எம்டிஆட்ம்னு நான் எழுதுறது எம், டி, ஏ, டி, எம்ங்கிற அஞ்சு எழுத்து, லினக்ஸ்ல டிஸ்க்குகளை மிரரா சேர்க்கிற கமாண்டு.

கேள்வி: சார், புதுசா ஒரு லினக்ஸ் சர்வர் என் பொறுப்புல வந்திருக்கு, ரெண்டு 4 டிபி டிஸ்க்கு இருக்கு. மிரர் போடச் சொன்னாங்க. ஒருத்தர் எம்டிஆட்ம் போதும்ங்கிறார், இன்னொருத்தர் இசட்எஃப்எஸ் போடுங்கிறார், மூணாவது ஆள் எல்விஎம்லயே முடியும்ங்கிறார். எதை எடுக்கிறது?

பதில்: மூணும் சரிதான், மூணுமே ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்குலயும் எழுதுற வேலையைத்தான் செய்யுது. 1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுற முறைகளுக்கு ரெய்டுன்னு பேர் வெச்சு வகை பிரிச்சப்போ மிரருக்குக் குடுத்த நம்பர் 1, அதைத்தான் இன்னிக்கும் ரெய்டு 1ங்கிறோம்.

வித்தியாசம் எங்கன்னா, எம்டிஆட்ம்ல உருவாகிற மிரருக்கு உள்ள என்ன ஃபைல் இருக்குன்னே தெரியாது, பிளாக்கை வாங்கி ரெண்டு பக்கமும் எழுதும், அவ்ளோதான். மேல எக்ஸ்ட் 4, எக்ஸ்எஃப்எஸ்னு எந்த ஃபைல் சிஸ்டம் போட்டாலும் அதுக்குக் கவலையில்ல. இசட்எஃப்எஸ் அப்படியில்ல, மிரரும் ஃபைல் சிஸ்டமும் ஒண்ணா சேர்ந்தது, ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது உள்ள இருக்கிறதை வெச்சுக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு நம்பர், வெச்சிருக்கும், ரெண்டு காப்பியில ஒண்ணு கெட்டுப்போனா எது கெட்டதுன்னு அதுக்குத் தெரியும், நல்ல காப்பியை எடுத்து கெட்டதைத் திருத்திடும். எம்டிஆட்ம் மிரருக்கு இது தெரியாது, ரெண்டும் வேற வேறயா இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும். எல்விஎம்ங்கிறது டிஸ்க்கு எடத்தை வால்யூம்களா பிரிச்சுக் குடுக்கிற லினக்ஸ் வசதி, அதுல ரெய்டு 1 போட்டா உள்ளுக்குள்ள ஓடுறது எம்டிஆட்ம் பயன்படுத்துற அதே கெர்னல் கோடுதான், ஏற்கெனவே எல்விஎம்ல ஓடிட்டிருக்கிற வால்யூமை எல்விகன்வெர்ட் அடிச்சு மிரரா மாத்த வசதியா இருக்கும்.

என் தேர்வைக் கேட்டா, ஓஎஸ் இருக்கிற டிஸ்க்குக்கு எம்டிஆட்ம், பெரிய டேட்டாவுக்கு இசட்எஃப்எஸ். ஆனா உங்க டீம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாக்கப்போற ஆளுக்கு எது பழக்கமோ அதுக்குத்தான் முதல் ஓட்டு, ஏன்னா மிரர் உருவாக்குறது அஞ்சு நிமிஷ வேலை, ஒரு டிஸ்க்கு செத்த அன்னிக்கு என்ன அடிக்கணும்ங்கிறதுதான் மொத்த விஷயமே. கீழ வர்ற கேள்விகளைப் பாத்தாலே தெரியும், முக்காவாசிப் பேர் மாட்டிக்கிட்டது அந்த அன்னிக்குத்தான்.

கேள்வி: எம்டிஆட்ம் வெச்சு மிரர் உருவாக்குற வரிசையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. நான் ஏற்கெனவே ஒரு டிஸ்க்குல டேட்டா வெச்சிருக்கேன், அது போயிடக்கூடாது.

பதில்: ரெண்டாவது வரிதான் முக்கியம், அதை முதல்ல பேசிடலாம். டேட்டா இருக்கிற டிஸ்க்கையும் காலி டிஸ்க்கையும் சேர்த்து நேரா கிரியேட் அடிச்சுடாதீங்க. எம்டிஆட்ம் தன்னோட சூப்பர்பிளாக்கை, அதாவது மிரர் பத்தின குறிப்பை, எழுதிட்டு டேட்டாவை கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும், அதனால பழைய ஃபைல் சிஸ்டம் அந்த இடத்துல இருக்காது, மவுண்ட் பண்ணினா எர்ரர் வரும், அதுக்குள்ள சிங்க்கும் ஓட ஆரம்பிச்சிருக்கும். "காலி டிஸ்க்கு டேட்டா டிஸ்க்கு மேல காப்பி ஆயிடுச்சு"ன்னு அழுதுட்டு வந்த கடிதம் இதுக்கு முன்னாடியும் வந்திருக்கு.

இதுக்கு எம்டிஆட்ம்லயே ஒரு அழகான வழி இருக்கு, டிஸ்க்கு பேர் போட வேண்டிய எடத்துல மிஸ்ஸிங்னு ஒரு வார்த்தை போடலாம். அதாவது ரெண்டு பேர் இருக்க வேண்டிய மிரர், ஒருத்தர் இன்னும் வரலைன்னு சொல்றோம். எம்டிஆட்ம் கிரியேட், எம்டி0, லெவல் 1, ரெய்டு டிவைசஸ் 2, அப்புறம் மிஸ்ஸிங், அப்புறம் புது டிஸ்க்கோட பார்ட்டிஷன், அதாவது எஸ்டிபி1. இப்ப ஒத்தைக் கால்ல நிக்கிற மிரர் ஒண்ணு கிடைச்சிருக்கும், அதுல ஃபைல் சிஸ்டம் போட்டு, ஆர்சிங்க்ல பழைய டிஸ்க்குலயிருந்து எல்லாத்தையும் காப்பி பண்ணி, அப்ளிகேஷனெல்லாம் புது எடத்துலயிருந்து ஒழுங்கா ஓடுதான்னு ரெண்டு நாள் பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் பழைய டிஸ்க்கை ஆட் பண்ணணும். அந்த ஆட் அடிச்ச நொடியிலயிருந்து பழைய டேட்டா அதுல இல்ல, அதனால அதுக்கு முன்னாடி வேற எங்கயாவது ஒரு பேக்கப் இருந்தே ஆகணும்.

ரெண்டும் காலி டிஸ்க்குன்னா சுலபம். ஆனா அதுக்கு முன்னாடி மூணு வேலை. முதல்ல எல்எஸ்பிஎல்கே-ல சைஸ், மாடல், சீரியல் மூணு விவரமும் வர்ற மாதிரி போட்டு எந்த டிஸ்க்கு எதுன்னு பேப்பர்ல எழுதி வைங்க. ரெண்டாவது, முழு டிஸ்க்கையும் குடுக்காம ஒரு பார்ட்டிஷன் போட்டு கடைசியில கொஞ்சம் எடம் விட்டுடுங்க, 100 எம்பி விட்டாக் கூட போதும், ஏன்னா நாளைக்கு மாத்துறதுக்கு வாங்குற டிஸ்க்கு வேற கம்பெனியா இருந்தா அதே 4 டிபின்னு மேல எழுதியிருந்தாலும் சில செக்டார் கம்மியா இருக்கலாம், அந்த சில செக்டாருக்காக எம்டிஆட்ம் சேர்க்க மாட்டேன்னு சொல்லிடும். மூணாவது, டிஸ்க்கு முன்னாடி வேற எதுலயாவது இருந்திருந்தா வைப்எஃப்எஸ் அடிச்சு பழைய தடயத்தை எடுத்துடுங்க.

கிரியேட் அடிக்கும்போது பிட்மேப் இன்டர்னல்ங்கிற ஆப்ஷனையும் சேர்த்துக்கங்க. எந்தெந்தப் பகுதியில எழுத ஆரம்பிச்சோம்னு அது குறிச்சு வெச்சுக்கும், கரண்ட் போய் சர்வர் திடீர்னு நின்னா 4 டிபியையும் மறுபடி ஒப்பிடாம குறிச்ச பகுதியை மட்டும் சரி பண்ணிட்டுப் போயிடும். அது இல்லன்னா கணக்குப் போட்டுப் பாருங்க, நொடிக்கு 150 எம்பி வேகத்துல 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் கிட்ட ஆகும், அதுவும் சர்வர்ல வேற வேலையே இல்லன்னா.

அடிச்சதும் "இந்த அரேக்கு மெட்டாடேட்டா முன்னாடி இருக்கு, பூட் டிவைசா இது சரிப்படாம போகலாம்"னு ஒரு எச்சரிக்கை வந்து தொடரவான்னு கேட்கும். டேட்டா டிஸ்க்குன்னா ஒய் அடிச்சுட்டுப் போங்க, பூட் பண்ற டிஸ்க்குன்னா நிறுத்திட்டு கீழ இன்னொரு கேள்விக்கு நான் சொல்லியிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்க. அப்புறம் ப்ராக் எம்டிஸ்டாட்-ஐ கேட் அடிச்சுப் பாருங்க, பெர்சன்டேஜ் ஓடிட்டிருக்கும். அது முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, உடனே ஃபைல் சிஸ்டம் போட்டு வேலையை ஆரம்பிக்கலாம். ஆனா சிங்க் முடியுற வரைக்கும் ரெண்டாவது காப்பி முழுசா இல்லங்கிறதை மனசுல வெச்சுக்கங்க.

கேள்வி: எம்டி0ன்னு உருவாக்கினேன், ரீபூட் பண்ணினா எம்டி127னு வருது. மவுண்ட் ஆகல. ஏதாவது போச்சா?

பதில்: ஒண்ணும் போகல. எம்டிஆட்ம் டீடெயில் ஸ்கேன் அடிச்சா வர்ற வரியை எம்டிஆட்ம் கான்ஃப் ஃபைல்ல சேர்க்கணும், அதோட நிறைய பேர் விட்டுடுற வேலை, அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் அடிக்கணும், ஏன்னா பூட் ஆகும்போது முதல்ல படிக்கிறது இனிட்ராம்எஃப்எஸ்ங்கிற ஆரம்பக்கட்ட சின்ன ஃபைல் சிஸ்டத்துக்குள்ள இருக்கிற காப்பியைத்தான். இதெல்லாம் டெபியன், உபுண்டுக்கு. ரெட்ஹேட் பக்கம்னா அந்த அப்டேட்டுக்கு ட்ராகட். அப்புறம் எதை எங்க மவுண்ட் பண்ணணும்னு எழுதியிருக்கிற எஃப்எஸ்டேப்ல எம்டி0ன்னு எழுதாம யூயூஐடி, அதாவது ஃபைல் சிஸ்டத்தோட மாறாத அடையாள நம்பர், எழுதுங்க, பேர் என்ன வந்தாலும் மவுண்ட் ஆகும்.

கேள்வி: எம்டிஸ்டாட்ல யூ யூன்னு இருந்தது இப்ப யூவும் ஒரு அண்டர்ஸ்கோரும் இருக்கு. எஸ்டிபின்னு எழுதி பக்கத்துல எஃப்னு இருக்கு. சர்வர் ஓடிட்டுத்தான் இருக்கு. புது டிஸ்க்கு கையில இருக்கு. அடுத்து என்ன பண்ணட்டும், பயமா இருக்கு.

பதில்: பயப்படுறது நல்லதுதான், நிதானமா பண்ணுவீங்க. யூன்னா ஓடுற டிஸ்க்கு, அண்டர்ஸ்கோர்னா இல்லாத டிஸ்க்கு, எஃப்னா ஃபெயில் ஆனது. சர்வர் ஓடிட்டிருக்குன்னா மிரர் தன் வேலையைச் செஞ்சுடுச்சு, இனிமே இருக்கிற ஒத்தைக் காப்பியைக் காப்பாத்துறது உங்க கையில. அதனால முதல் வேலை டிஸ்க்கைத் தொடுறதில்ல, பேக்கப் இன்னிக்கு ஓடியிருக்கான்னு பாத்து இல்லன்னா ஓட்டுறது.

ரெண்டாவது, எந்த டிஸ்க்குன்னு கண்டுபிடிக்கிறது. இதுல நான் நேர்ல பாத்த ஒரு சம்பவத்தை சொல்றேன். பல வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த எடத்துல இதே மாதிரி எஸ்டிபி போச்சு, மேல ஒரு டிஸ்க்கு கீழ ஒரு டிஸ்க்கு, ஏ மேல இருக்கும் பி கீழ இருக்கும்னு நாங்களா முடிவு பண்ணிக்கிட்டு கீழ இருந்ததை உருவினோம். சர்வர் அப்படியே நின்னுச்சு. உருவினது நல்ல டிஸ்க்கு. அதை மறுபடி சொருகி ஆன் பண்ணி எஃப்எஸ்சிகே ஓட்டி டேட்டாபேஸை எழுப்புறதுக்குள்ள விடிஞ்சுடுச்சு, கடைசியா நடந்த ஒரு பதினஞ்சு நிமிஷ என்ட்ரிங்களை ஆளுங்க கையால திரும்பப் போட வேண்டியிருந்தது. எஸ்டிஏ, எஸ்டிபிங்கிறது கெர்னல் எந்த டிஸ்க்கை முதல்ல பாத்துச்சோ அந்த வரிசைதான், அடுத்த பூட்ல மாறலாம், பெட்டியில இருக்கிற எடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

நம்பக்கூடியது சீரியல் நம்பர் மட்டும்தான். ஸ்மார்ட்ங்கிறது டிஸ்க்கு தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற வசதி, அதைப் படிக்கிற ஸ்மார்ட்கன்ட்ரோலை (கன்ட்ரோல்னு நான் எழுதுற எடத்துல சி, டி, எல்னு அடிக்கணும்) ஐ ஆப்ஷன்ல போட்டா டிஸ்க்கோட சீரியல் வரும், டிஸ்க்கு லேபிள்லயும் அதே நம்பர் இருக்கும். செத்த டிஸ்க்கு பதிலே சொல்லலைன்னா நல்ல டிஸ்க்கோட சீரியலை எடுத்துக்கங்க, அது இல்லாத இன்னொண்ணுதான் நீங்க தேடுறது. லெட்கன்ட்ரோல் ஆதரிக்கிற சர்வர்னா லொக்கேட் அடிச்சா அந்த டிஸ்க்கு லைட் எரியும். அது இல்லன்னா நல்ல டிஸ்க்குலயிருந்து டிடி-ல தேவ் நல்லுக்கு படிக்க விடுங்க, விடாம மின்னுறது நல்லது, மின்னாம இருக்கிறது போனது. டிடி அடிக்கும்போது இஃப் எது ஓஎஃப் எதுன்னு ரெண்டு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க.

இப்ப கமாண்டு. எம்டிஆட்ம் எம்டி0, ஃபெயில் எஸ்டிபி1, அப்புறம் ரிமூவ் எஸ்டிபி1. ஒரே டிஸ்க்குல வேற பார்ட்டிஷன் வேற மிரர்ல இருந்தா அதுலயும் இதே மாதிரி ஃபெயில், ரிமூவ் பண்ணணும், எம்டி0 மட்டும் பாத்துட்டு எம்டி1 இருக்கிறதை மறந்துட்டு டிஸ்க்கை உருவிடுவாங்க. உருவி புதுசை மாட்டினதும் பார்ட்டிஷன் டேபிளைக் காப்பி பண்ணணும். இதுக்கு எஸ்ஜிடிஸ்க்-ல ஆர் ஆப்ஷன்னு ஒண்ணு இருக்கு, ஒரே வரியில ஆயிடும், ஆனா அதுல ஆர் பக்கத்துல எழுதுறது எங்க போகணும்ங்கிறது, கடைசியில எழுதுறது எங்கயிருந்துங்கிறது, நம்ம மனசுல இருக்கிற வரிசைக்கு நேர் தலைகீழ். மாத்தி அடிச்சா காலி டேபிள் நல்ல டிஸ்க்கு மேல போய் உக்காந்துடும். அதனால நான் அதைத் தொடுறதே இல்ல, எஸ்ஜிடிஸ்க் பேக்கப்னு போட்டு நல்ல டிஸ்க்கோட டேபிளை ஒரு ஃபைல்ல எடுத்துக்குவேன், லோட் பேக்கப் போட்டு புது டிஸ்க்குல எழுதுவேன், ஒவ்வொரு வரியிலயும் ஒரே ஒரு டிஸ்க்கு பேர்தான் வரும். அப்புறம் பெரிய ஜி ஆப்ஷன் அடிச்சு புது டிஸ்க்குக்கு வேற ஐடி குடுத்துடணும், இல்லன்னா ரெண்டு டிஸ்க்கும் ஒரே ஐடியில நிக்கும்.

கடைசியா ஆட். எம்டிஸ்டாட்ல ரெகவரின்னு ஓடும். ரொம்ப மெதுவா போனா ஸ்பீடு லிமிட் மின்ங்கிற சிஸ்கன்ட்ரோல் மதிப்பைக் கூட்டலாம், டிஃபால்ட் 1000, அதாவது மத்த வேலை இருந்தா நொடிக்கு 1 எம்பிக்கு கூட இறங்கிடும். ரீபில்ட் ஓடுற அந்த சில மணி நேரம் மீதி இருக்கிற டிஸ்க்கை முதல் செக்டார்லயிருந்து கடைசி வரைக்கும் படிக்கிறோம், அதுவும் பழசுதான், செத்ததோட ஒரே நாள் வாங்கினதா கூட இருக்கும், அதனால அந்த நேரத்துல பெரிய ரிப்போர்ட் ஓட்டுறது, அப்டேட் போடுறது எல்லாத்தையும் நிறுத்தி வைங்க.

இன்னொண்ணு, டிஸ்க்கு முழுசா சாகாம மக்கர் மட்டும் பண்ணுதுன்னா, ஸ்மார்ட்ல 197ங்கிற ஐடி இருக்கிற வரியில பெண்டிங் செக்டார், அதாவது படிக்க முடியாம நிக்கிற செக்டார், ஏறிட்டே போகுதுன்னா, ஃபெயில் அடிக்காதீங்க. புது டிஸ்க்கை ஸ்பேரா ஆட் பண்ணி, ரீப்ளேஸ் பழசு வித் புதுசுன்னு குடுத்தா மக்கர் டிஸ்க்கை உள்ள வெச்சுக்கிட்டே காப்பி ஓடும், முடிஞ்ச பிறகுதான் அதை வெளிய தள்ளும். ஒரு நிமிஷம் கூட ஒத்தைக் காப்பியில நிக்க வேண்டாம்.

கேள்வி: டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு, ஸ்மார்ட் லாங் டெஸ்ட்டும் பாஸ். ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மிரர்லயிருந்து கழண்டுக்குது. கேபிள் மாத்தியாச்சு, போர்ட் மாத்தியாச்சு.

பதில்: நீங்க மாட்டியிருக்கிறது டெஸ்க்டாப் டிஸ்க்கா இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு செக்டார் படிக்க முடியலைன்னா டெஸ்க்டாப் டிஸ்க்கு விடாம முயற்சி பண்ணும், ஒரு நிமிஷத்துக்கு மேல கூட போகும், ஏன்னா அதுல இருக்கிறது ஒரே காப்பின்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு. லினக்ஸ் கெர்னல் 30 நொடிதான் காத்திருக்கும், அதுக்கு மேல போனா டிஸ்க்கு செத்துடுச்சுன்னு ரீசெட் பண்ணும், அந்தக் குழப்பத்துல எம்டி, அதாவது மிரரை ஓட்டுற கெர்னல் பகுதி, டிஸ்க்கை வெளிய தள்ளிடும். நடந்திருக்க வேண்டியது வேற, டிஸ்க்கு சீக்கிரமா "படிக்க முடியல"ன்னு சொல்லியிருந்தா எம்டி அந்த செக்டாரை இன்னொரு டிஸ்க்குலயிருந்து எடுத்து இதுலயே திரும்ப எழுதியிருக்கும், டிஸ்க்கும் அந்த எடத்தை ஒதுக்கிட்டு வேற எடத்துல எழுதிக்கும், யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிருக்கும்.

ஸ்மார்ட்கன்ட்ரோல்ல எல் ஆப்ஷன், எஸ்சிடிஇஆர்சி, 70, 70ன்னு குடுங்க, டிஸ்க்கு எவ்ளோ நேரம் முயற்சி பண்ணிட்டு விடணும்ங்கிற வரம்பு அது, 70ங்கிறது 7 நொடி. ஏத்துக்கிச்சுன்னா நல்லது, ஆனா பல டிஸ்க்குல பவர் போய் வந்தா மறந்துடும், அதனால ஒவ்வொரு பூட்லயும் ஓடுற மாதிரி வைங்க. ஆதரிக்கலைன்னு சொன்னா எதிர்ப்பக்கம் போங்க, சிஸ் பிளாக்குல அந்த டிஸ்க்குக்குக் கீழ டிவைஸ் டைம்அவுட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல 30க்குப் பதிலா 180 எழுதுங்க. சர்வர் ரெண்டு நிமிஷம் திணறலாம், டிஸ்க்கு வெளிய போகாது.

கேள்வி: எங்க இசட்எஃப்எஸ் பூல்ல ஒரே டிஸ்க்கு இருந்தது. மிரர் ஆக்கலாம்னு இன்னொண்ணை இசட்பூல் ஆட் பண்ணினேன், எர்ரர் வரல. ஆனா எடம் ரெண்டு மடங்கா காட்டுது. இது மிரர் தானே?

பதில்: இல்லீங்க, எடம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அது மிரர் இல்ல. பூல்ங்கிறது டிஸ்க்குகளைச் சேர்த்து இசட்எஃப்எஸ் வெச்சிருக்கிற மொத்த எடம், ஆட்ங்கிறது அதைப் பெருசாக்குறது, அட்டாச்ங்கிறது இருக்கிற டிஸ்க்குக்கு ஜோடி சேர்க்கிறது, ஒரே வார்த்தை வித்தியாசம். இப்ப உங்க டேட்டா ரெண்டு டிஸ்க்குலயும் பிரிஞ்சு கிடக்கு, எது செத்தாலும் மொத்த பூலும் போயிடும், முன்னாடி இருந்ததை விட நிலைமை மோசம். ஏற்கெனவே மிரரா இருக்கிற பூல்ல ஒத்தை டிஸ்க்கை ஆட் பண்ணினா வகை பொருந்தலைன்னு தடுத்திருக்கும், உங்களோடது ஒத்தை டிஸ்க்கு பூல்ங்கிறதால அதுக்குத் தப்பா எதுவும் தெரியல.

ஓபன்இசட்எஃப்எஸ் 0.8 அல்லது அதுக்கு மேல இருந்தா, பூல்ல ரெய்டு இசட் (இசட்எஃப்எஸ்ல பேரிட்டி வெச்சு டிஸ்க்குகளைச் சேர்க்கிற வகை) எதுவும் இல்லன்னா, இசட்பூல் ரிமூவ் அடிச்சு அந்த டிஸ்க்கை வெளிய எடுக்கலாம், அதுல இருக்கிற டேட்டா முதல் டிஸ்க்குக்கு நகரும், முதல் டிஸ்க்குல அவ்ளோ எடம் இருக்கணும். அதை இன்னிக்கே பண்ணுங்க, டேட்டா ஏற ஏற கஷ்டம். இசட்பூல் ஸ்டேட்டஸ்ல ரிமூவல் முடிஞ்சதுன்னு வந்த பிறகு இசட்பூல் அட்டாச், பூல் பேர், பழைய டிஸ்க்கு, புது டிஸ்க்கு, இந்த வரிசை. டிஸ்க்கு பேரை பை ஐடி டைரக்டரியில இருக்கிற நீளமான பேரா குடுங்க, அதுலயே சீரியல் நம்பர் இருக்கும், நாளைக்கு ஒண்ணு போனா ஸ்டேட்டஸ்லயே எதை உருவணும்னு தெரிஞ்சுடும். ஸ்டேட்டஸ்ல மிரர் 0ன்னு ஒரு வரி வந்து அதுக்குக் கீழ ரெண்டு டிஸ்க்கும் கொஞ்சம் உள்தள்ளி நிக்கணும், அப்பத்தான் அது மிரர். இனிமே ஆட் அடிக்கிறதுக்கு முன்னாடி சின்ன என் ஆப்ஷன் போட்டுப் பாருங்க, என்ன ஆகும்னு வரைஞ்சு காட்டிட்டு எதையும் செய்யாம நின்னுடும்.

கேள்வி: மிரர்தான் இருக்கே, பேக்கப் எதுக்குன்னு மேனேஜர் கேட்கிறார். என்ன சொல்றது?

பதில்: ஒரு ஃபைலை அழிச்சா மிரர் அதை ரெண்டு டிஸ்க்குலயும் அழிக்கும்னு சொல்லுங்க. ரான்சம்வேர் வந்தா ரெண்டு காப்பியும் ஒரே நேரத்துல என்க்ரிப்ட் ஆகும். பவர் சப்ளை வெடிச்சா ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருக்கு. வார்த்தையில நம்பலைன்னா டெஸ்ட் மிரர்ல ஒரு ஃபைலை ஆர்எம் அடிச்சுக் காட்டுங்க, "இப்ப மிரர்லயிருந்து எடுத்துக் குடுங்க சார்"னு கேளுங்க.

கேள்வி: யூஇஎஃப்ஐ சர்வர், ரூட் பார்ட்டிஷன் மிரர்ல இருக்கு. முதல் டிஸ்க்கை எடுத்துட்டு டெஸ்ட் பண்ணினா பூட்டே ஆகல. மிரர் போட்டு என்ன பிரயோஜனம்?

பதில்: டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களே, அதுக்கே உங்களைப் பாராட்டணும். பூட் ஆகாததுக்குக் காரணம் இஎஸ்பி, அதாவது பூட் ஃபைல்கள் இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன். ஃபர்ம்வேருக்கு எம்டிஆட்ம்னா என்னன்னே தெரியாது, அது தேடுறது சாதாரண ஃபேட் பார்ட்டிஷன், உங்க சர்வர்ல அது முதல் டிஸ்க்குல மட்டும் இருந்திருக்கும்.

ரெண்டு வழி இருக்கு. ரெண்டு டிஸ்க்குலயும் தனித்தனி இஎஸ்பி வெச்சு, ரெண்டுலயும் க்ரப்ங்கிற பூட்லோடரை நிறுவி, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்-ல ரெண்டாவதுக்கும் ஒரு என்ட்ரி போட்டு, அப்டேட் வரும்போதெல்லாம் ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிறது ஒண்ணு. இல்லன்னா மெட்டாடேட்டா 1.0 போட்டு இஎஸ்பியையே மிரர் பண்றது, 1.0ல சூப்பர்பிளாக் கடைசியில இருக்கும், அதனால ஃபர்ம்வேர் கண்ணுக்கு அது சாதாரண ஃபேட் மாதிரி தெரியும். ரெண்டாவது வழியில ஃபர்ம்வேர் அதுல ஏதாவது எழுதினா ஒரு பக்கம் மட்டும் மாறிடும், எம்டிக்கு அது தெரியாது. நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

அதோட எஃப்எஸ்டேப்ல பூட் இஎஃப்ஐ வரியில நோஃபெயில் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க. அது இல்லன்னா டிஸ்க்கு போன அன்னிக்கு ரூட் மிரர் நல்லா எழுந்து, இந்த ஒரு சின்ன பார்ட்டிஷன் கிடைக்கலைங்கிறதுக்காக சிஸ்டம்டி எமர்ஜென்சி மோடுல போய் நின்னுடும், நெட்வொர்க் இருக்காது, நீங்க சர்வர் முன்னாடி நேர்ல போய் நிக்கணும். ஸ்வாப்பையும் பாருங்க, அது ஒத்தை டிஸ்க்குல இருந்தா அந்த டிஸ்க்கு போகும்போது ஸ்வாப்ல இருந்த ப்ராசஸ் எல்லாம் சேர்ந்து விழும். ஸ்வாப்பும் மிரர் மேலதான் இருக்கணும்.

கேள்வி: ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க்கு, ரெண்டையும் மிரர் பண்ணலாமா?

பதில்: பண்ணலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு ரைட் மோஸ்ட்லின்னு குறி போடுங்க, படிக்கிறதெல்லாம் எஸ்எஸ்டியிலயிருந்து வரும். எழுதுற வேகம் ஹார்ட் டிஸ்க்கு வேகம்தான்.

கேள்வி: நீங்க சொல்றதெல்லாம் புரியுது, ஆனா பழகிப் பாக்க என்கிட்ட வேற சர்வர் இல்ல, ஓடுற சர்வர்ல கை வைக்க முடியாது. எப்படிப் பழகுறது?

பதில்: இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. டிஸ்க்கே வேண்டாம், உங்க லேப்டாப்ல ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். ட்ரங்கேட்ல 300 எம்பிக்கு ரெண்டு ஃபைல் உருவாக்குங்க, ஒவ்வொண்ணையும் லூசெட்அப் எஃப் ஷோ போட்டு லூப் டிவைசா மாத்துங்க, என்ன நம்பர் குடுத்துச்சுன்னு அதுவே சொல்லும், குறிச்சுக்கங்க. அந்த ரெண்டு லூப்பையும் வெச்சு எம்டி9ன்னு ஒரு மிரர் உருவாக்கி, எக்ஸ்ட் 4 போட்டு, மவுண்ட் பண்ணி, ஒரு நூறு எம்பி ஃபைலைக் காப்பி பண்ணி அதோட எம்டி5சம், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரியான செக்சம், எழுதி வெச்சுக்கங்க.

இப்ப இன்னொரு டெர்மினல்ல வாட்ச் போட்டு எம்டிஸ்டாட்டை ஓட விடுங்க. முதல் லூப்பை ஃபெயில் அடிங்க, அந்தப் பக்கம் யூ போய் அண்டர்ஸ்கோர் வர்றதைக் கண்ணால பாருங்க, எம்டி5சம் அதேதான் வருதான்னு பாருங்க. ரிமூவ் பண்ணுங்க, ஜீரோ சூப்பர்பிளாக் அடிச்சு அதைப் புது டிஸ்க்கு மாதிரி ஆக்குங்க, ஆட் பண்ணுங்க, ரெகவரி ஓடுறதைப் பாருங்க. அப்புறம் ரெண்டாவது லூப்பை ஃபெயில் பண்ணுங்க, இப்ப ஓடுறது முழுக்க முழுக்க நீங்க புதுசா சேர்த்த காப்பி, எம்டி5சம் மறுபடி பாருங்க. மிஸ்ஸிங் வார்த்தையையும் ரீப்ளேஸையும் இதுலயே பழகிக்கலாம், இசட்எஃப்எஸ் போட்டிருந்தா ஆட், அட்டாச் ரெண்டையும் அடிச்சு வித்தியாசத்தை ஸ்டேட்டஸ்ல பாத்துடலாம். நான் புதுசா வர்ற பசங்களுக்கு இதைத்தான் முதல் வாரம் குடுக்கிறேன், மேனுவல் பாக்காம மூணு தடவை பண்ணிக் காட்டினாத்தான் உண்மையான சர்வர்ல பாஸ்வேர்டு.

அடுத்து ஓடுற சர்வர்ல, எம்டிஆட்ம் கான்ஃப்ல மெயில் அட்ரஸ் போட்டுட்டு, எம்டிஆட்ம் மானிட்டர் ஸ்கேன் டெஸ்ட் ஒன்ஷாட் அடிங்க. ஒவ்வொரு மிரருக்கும் ஒரு டெஸ்ட் மெயில் வரணும். வரலைன்னா உங்க சர்வர்ல மெயில் அனுப்புற வழியே இல்லன்னு அர்த்தம், ஒரு டிஸ்க்கு எப்பவோ போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது, அதனால உடனே எம்டிஸ்டாட்டைத் திறந்து ரெண்டு யூவும் இருக்கான்னு பாத்துடுங்க.